ஆம்பூர் பெட்டியும் அப்துல்லாபுரம் ஓடுதளமும்

போன மாசம் பெங்களூருவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் பக்கத்து சீட் பையன் ஜன்னலைக் காட்டி, "அங்கிள், இந்தப் பக்கம்தானே வேலூர் ஏர்போர்ட்? இங்கேர்ந்து சென்னைக்கு ஃப்ளைட் விட்டா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டான். "அரை மணி நேரம்" என்றேன், யோசிக்காமல். அவன் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. நான் சொன்னது சரியா தப்பா? சொல்லப்போனால் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்த பதில் அது. ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற கொஞ்சம் சரித்திரமும்தான் இன்றைக்கு.

முதலில் சொந்தக் கதை. 1997-ல் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் குமாஸ்தா. பேர் வேண்டாம். வேலை என்னவென்றால், சாம்பிள் ஜோடிகளைப் பெட்டி கட்டி, பேப்பர் எல்லாம் தயார் செய்து, மீனம்பாக்கத்தில் ஏஜென்ட் கையில் சேர்ப்பது. ஒரு நாள் ஜெர்மனிக்குப் போகவேண்டிய பெட்டி. ராத்திரி ஒன்பது மணிக்குள் ஏஜென்ட்டிடம் கொடுத்தாக வேண்டும். வேனில் நானும் டிரைவரும். அப்போதெல்லாம் நாலு வழிச் சாலை கிடையாது. ஆற்காடு, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து, பூந்தமல்லியில் முக்கால் மணி நேரம் நின்று, போய்ச் சேர்ந்தபோது மணி பத்து பத்து. பெட்டியை வாங்க ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போனது. அதற்குள் அங்கே பையர் அந்த சீசனுக்கு வேண்டியதை வேறு ஆளிடம் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆர்டர் போச்சு. எங்கள் கம்பெனியில் ஒரு தையல் லைனை மூடினார்கள். அதில் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு மாசம் வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தெருதான். தினமும் எதிரில் பார்ப்பேன்.

"தூரம் சார், என்ன பண்றது? இங்கேயே அப்துல்லாபுரத்துல ஒரு ஃப்ளைட் இருந்திருந்தா..." என்று எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம்.

அட்லஸை எடுத்துப் பாருங்கள். சென்னை, வேலூர், பெங்களூரு, மங்களூர் நாலும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்கும். வடக்கு அட்சரேகை 13 டிகிரியை ஒட்டி, ஒரு கயிற்றில் மணி கோர்த்த மாதிரி. அதனால் நம்ம ஊர் தூரக் கணக்கு ரொம்ப சுலபம். இந்த அட்சரேகையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது 108 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மீனம்பாக்கம் 80.17 டிகிரி கிழக்கு. அப்துல்லாபுரம் ஓடுதளம் 79.07. வித்தியாசம் 1.1 டிகிரி. பெருக்கினால் 119 கிலோமீட்டர் சொச்சம், வடக்கு தெற்கு வித்தியாசத்தையும் சேர்த்தால் 120. அதே மாதிரி பெங்களூரு தேவனஹள்ளிக்கு சுமார் 150. திருப்பதி ரேணிகுண்டாவுக்கு 95. எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

ஆனால் "ஒரு டிகிரிக்கு இத்தனை" என்று நாம் இவ்வளவு அலட்சியமாகச் சொல்கிறோமே, அதைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அந்தப் பாடு தொடங்கிய இடமும் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயேதான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்கிற ராணுவ அதிகாரி பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி. சுமார் நானூறு முறை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதற்கும் கணக்கு வைத்தார்கள். அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து, குன்றிலிருந்து குன்றுக்கு முக்கோணம் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே மேற்குக் கடற்கரை வரை போனார். முடிவில் என்ன தெரிந்தது? சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. உண்மையில் இருந்தது 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டுமே இருந்தது! கப்பலில் போனவர்களும் மாட்டு வண்டியில் போனவர்களும் களைப்பை வைத்துத் தூரத்தை ஊகித்தால் இப்படித்தான் ஆகும்.

ஆக, தூரம் என்கிற விவகாரம் நம்ம பக்கத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோனது. பரங்கிமலைக்கும் வேலூருக்கும் நடுவே உள்ள தூரம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். மாறிக்கொண்டே இருப்பது நேரம்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேலூரிலேயே ரத்த சாட்சி இருக்கிறது. லாம்டன் இப்படி அளந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், 1806 ஜூலை 10-ம் தேதி விடிவதற்கு முன், வேலூர் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஒரு ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் 16 மைல், அதாவது சுமார் 26 கிலோமீட்டர். அங்கே கில்லெஸ்பி என்பவரின் தலைமையில் குதிரைப்படை. செய்தி ஒரு நடை, படை ஒரு நடை, இரண்டும் சேர்த்தே சில மணி நேரம்தான். வெயில் ஏறுவதற்குள் குதிரைகள் கோட்டை வாசலில் நின்றன. அன்றைக்கே எல்லாம் முடிந்தது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டில் அன்றைக்குக் குதிரைப்படை இல்லாமல், படை மெட்ராஸிலிருந்து வரவேண்டியிருந்தால் சிப்பாய்களுக்குச் சில நாள் அவகாசம் கிடைத்திருக்கும். அந்தச் சில நாளில் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்லமுடியாது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

அடுத்து ரயில். 1856 ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. எங்கே போனது? நம்ம வாலாஜா ரோட்டுக்கு! சுமார் 100 கிலோமீட்டர். ராணிப்பேட்டைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் :-) அப்புறம் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாதை நீண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து 1864-ல் பெங்களூரு வரை போய்விட்டது.

இதைத் தோல் வியாபாரத்தோடு வைத்துப் பாருங்கள். மாட்டு வண்டி ஒரு நாளைக்கு இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் போகும். ஆம்பூரிலிருந்து மெட்ராஸுக்கு சுமார் 180 கிலோமீட்டர். அப்படியென்றால் முழுசாக ஒரு வாரம். ரயில் வந்ததும் ஒரு வாரம் ஒரு நாளாயிற்று. பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை, பெரியமேட்டுத் தோல் மண்டி, அங்கேயிருந்து துறைமுகம், கப்பல், லண்டன். இந்தச் சங்கிலியில் ரயில் ஒரு பெரிய கண்ணி. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கப்பலும் ஆப்பிரிக்காவைச் சுற்றவேண்டிய வேலை மிச்சம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இங்கிருந்து போனது பட்டையில் பதமிட்ட பாதித் தோல். மாசக்கணக்கில் கெடாது. ஒரு வாரம் முன்னே பின்னே போனாலும் தோல்ஷாப்பு முதலாளிக்குத் தூக்கம் கெடாது. 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக மெட்ராஸ் வரை வந்தது. அதில் கடிதம்தான் வந்தது. தோல் நிதானமாகக் கப்பலிலேயே போய்க்கொண்டிருந்தது.

நேரம் எங்கள் கழுத்தில் உட்கார்ந்தது 1970-களில்தான். பாதித் தோலாக அனுப்பாதே, முழுசாகப் பதமிட்டு, முடிந்தால் செருப்பாகவே தைத்து அனுப்பு என்று அரசாங்கம் கொள்கையை மாற்றியது. 1972-ல் சீதாராமையா கமிட்டி சொன்ன யோசனையின் பேரில் பாதித் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊரில் டேனரிக்குப் பக்கத்திலேயே ஷூ அப்பர் தைக்கிற கம்பெனிகள் முளைத்தன. பிறகு முழு ஷூ. நல்ல மாற்றம்தான், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஆனால் தோல் வேறு, ஷூ வேறு. தோல் சரக்கு, ஷூ ஃபேஷன். வருஷத்துக்கு இரண்டு சீசன். இந்த வருஷம் மூக்கு கூராக இருக்கணும், அடுத்த வருஷம் வட்டமாக இருக்கணும். பையர் முடிவெடுக்கிற அந்த ஒரு வாரத்தில் சாம்பிள் ஜோடி அவர் மேஜையில் இருக்கணும். சரக்கு பிறகு கன்டெய்னரில் கப்பலில் போகலாம், சாம்பிள் மட்டும் விமானத்தில் போயே ஆகணும். பாலாற்றங்கரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஊருக்கு விமான நிலையம் தேவைப்பட்டது இப்படித்தான்.

இப்போது அப்துல்லாபுரம். பிரிட்டிஷ் காலத்து ஓடுதளம் அது. ரொம்ப வருஷம் சும்மா கிடந்தது. நடுவில் சில காலம் பயிற்சி விமானங்கள் வந்து போயின. 2016-ல் மத்திய அரசு உடான் திட்டத்தை அறிவித்தது. சின்ன ஊர்களுக்கு விமானம், ஒரு மணி நேரப் பயணத்துக்கு சுமார் 2,500 ரூபாய் டிக்கெட். 2017 ஏப்ரலில் சிம்லா-டெல்லி முதல் விமானம் கிளம்பியது. வேலூரும் பட்டியலில் வந்தது. ஓடுதளத்தைப் புதுப்பித்தார்கள், டெர்மினல் கட்டினார்கள். ஆனால் 2024 முடியும் வரை பயணிகள் விமானம் ஒன்றுகூட ஓடவில்லை. ஓடுதளத்தின் நீளம் சுமார் 850 மீட்டர். இதில் நாம் சாதாரணமாகப் பார்க்கிற பெரிய விமானம் இறங்கமுடியாது. 19 சீட் சின்ன விமானம் மட்டும்தான்.

இந்த 19 சீட் விமானம் உலகத்தில் எங்கே நிஜமாகவே உபயோகமாக இருக்கிறது என்று தேடினால், கனடாவின் வடகோடியில் போய் நிற்கிறோம். ரெசொல்யூட் என்று ஒரு ஊர், கிரைஸ் ஃபியோர்ட் என்று இன்னொரு ஊர். இரண்டுமே சின்னஞ்சிறு ஊர்கள். 1953-ல் இனுயிட் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடங்கள். இரண்டுக்கும் நடுவே ஆகாயத் தூரம் சுமார் 385 கிலோமீட்டர். நம்ம அட்லஸ் கணக்கு அங்கே செல்லாது. அவ்வளவு வடக்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை வெறும் 28 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ட்வின் ஆட்டர் என்கிற 19 சீட் விமானம் மணிக்கு 300 கிலோமீட்டர் போகும். கணக்குப்படி ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரம். பனிமூட்டம் வந்தால் நாள்கணக்கிலும் காத்திருக்கவேண்டியதுதான். இருந்தாலும் அந்த ஜனங்களுக்கு அது உயிர். ஏன்? அங்கே ஊருக்கும் ஊருக்கும் நடுவே ரோடே கிடையாது. விமானத்துக்குப் போட்டி இல்லை.

நம்ம ஊருக்கு வாங்க. அதே விமானம், 120 கிலோமீட்டர். மணிக்கு 300 என்றால் 24 நிமிஷம். ஏற, இறங்க, வரிசையில் நிற்க என்று சேர்த்தால் நாற்பது நிமிஷம் வைத்துக்கொள்ளலாம். ஆம்பூரிலிருந்து அப்துல்லாபுரம் காரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் உட்காரணும். மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுக்க இருபது நிமிஷம். கூட்டினால் இரண்டே முக்கால், மூன்று மணி நேரம். இன்றைய நாலு வழிச் சாலையில் ஆம்பூரிலிருந்து நேராகக் காரிலேயே போனால்? மூன்று, மூன்றரை மணி நேரம். 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் ரயிலில் காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம்கூட முழுசாக ஆகாது.

அந்தப் பையனிடம் நான் சொன்ன அரை மணி நேரம் வானத்தில் மட்டும்தான் உண்மை. தரையில் மிச்சமாவது அதிகபட்சம் முக்கால் மணி நேரம். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால்.

சேலத்தோடு ஒப்பிட்டால் இன்னும் புரியும். சேலம்-சென்னை ஆகாயத் தூரம் சுமார் 265 கிலோமீட்டர், நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல். அங்கே விமானம் 2018 மார்ச்சில் தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி பறந்தது. அவ்வளவு தூரத்துக்கே இந்த இழுபறி.

அப்படியென்றால் வேலூருக்கு விமானமே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். பாதிப் பேர் பேசுவது வங்காளி. கொல்கத்தாவிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு ஒரு முழு நாளுக்கு மேல் ரயிலில் வருகிறார்கள். நேர்கோட்டில் கிட்டத்தட்ட 1,470 கிலோமீட்டர். அவர்களுக்கு ஒரு நேர் விமானம் கிடைத்தால் அது தெய்வம் கொடுத்த வரம். ஆனால் அந்த விமானம் இறங்க 850 மீட்டர் போதாது. கூத்தைப் பாருங்கள்: எந்த ஊருக்கு விமானம் தேவையே இல்லையோ அங்கே மட்டும் போகிற நீளத்துக்கு ஓடுதளம் இருக்கிறது. எந்த ஊருக்கு நிஜமாகத் தேவையோ அதற்கு நீளம் பத்தவில்லை. விமான நிலையம் வருமா வராதா என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: எந்த ஊருக்கு?

கடைசியாக என் பெட்டி. கணக்குப் போட்டு முடித்ததும் 1997-ஐயும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அப்துல்லாபுரத்தில் விமானம் இருந்திருந்தால் பெட்டி போய்ச் சேர்ந்திருக்குமா? ஆம்பூரிலிருந்து நாங்கள் கிளம்பியது சாயங்காலம் மணி ஐந்து. ஆறு மணிக்கு அப்துல்லாபுரம். பொழுது சாய்கிற நேரம். அந்த மாதிரிச் சின்ன ஓடுதளத்தில் இருட்டிய பிறகு விமானம் கிளம்பாது. அன்றைக்கும் தவறித்தான் இருக்கும்.

ஏன் ஐந்து மணிக்குக் கிளம்பினோம்? பெட்டி மத்தியானம் பன்னிரண்டுக்கே தயார். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. கையெழுத்துப் போடவேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் வாங்கலாம் என்று நானும் பிரியாணி சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் அவர் வேறு வேலையாக வெளியே கிளம்பிவிட்டார். நான் தேடிப் போகவில்லை. உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

ஒருத்தருக்கு மட்டும் தெரியும். கட்டிங் செக்‌ஷனில் ஒரு வயசான பாய் இருந்தார். லைன் மூடிய அன்றைக்கு நான் வழக்கம்போல "தூரம் பாய், என்ன பண்றது" என்றபோது அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: "தம்பி, தூரம் காலையிலயும் அவ்வளவேதான் இருந்துச்சு."

அந்தப் பையனை மறுபடி பஸ்ஸில் பார்த்தால் மூன்று மணி நேரம் என்று திருத்திச் சொல்லவேண்டும். எதிர்த் தெருப் பெண்ணிடம் சொல்லவேண்டியது வேறே. அவர் இப்போது பேரணாம்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஆம்பூரிலிருந்து ஒரு பஸ்தான்.